ராஷ்வாக்கிச் சரிவில் திறந்த சிவப்புப் பை

இடம்: கௌடுகெய்னோ, துருவமான் காவல் பிரிவு அலுவலகம். நாள்: மே 3, முற்பகல் 10.15. பதிவு செய்பவர்: ஆய்வாளர் ஓட்வார் நெஸ். துருவமான் வளர்க்கும் வடபுலப் பழங்குடியினரின் சாமி மொழியில் சாட்சி சொல்லக் கேட்டு எழுதப்பட்டது.

என் பெயர் ரவ்னா மாகா ஸ்கும். வயது 44. கணவர் பெயர் மாத்தே ஸ்கும். மேற்படி ஊரில், ஆற்றுப் பாலத்துக்கு மேற்கே இரண்டாவது வீட்டில் குடியிருக்கிறேன். தொழில் துருவமான் வளர்ப்பு. எங்களுக்கு எத்தனை மான்கள் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதிகாரியும் கேட்கவில்லை.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. ஏப்ரல் 24 அன்று ராஷ்வாக்கிப் பள்ளத்தாக்கில் நடந்த பனிச்சரிவு பற்றி அன்றைக்கே ஒரு காவலரிடம் நான்கு வரி சொல்லியிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். அதைச் சொல்லவே நானாக வந்திருக்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில் சினை மான்களைக் குளிர்கால மேய்ச்சலிலிருந்து கடற்கரைப் பக்கம் கொண்டுபோவோம். இந்த முறை என் கணவர் வேலி பழுது பார்க்க முன்கூட்டியே கடற்கரைக்குப் போய்விட்டார். மந்தையோடு நானும் அவருடைய தம்பி நீலாஸும் மட்டும் ஆளுக்கொரு பனிவண்டியில் போனோம். நீலாஸுக்கு வயது 39. அவனுடைய கறுப்பு நாய் சாப்பெ எப்போதும் அவன் முன்னால் இருக்கையில் உட்கார்ந்து வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து மேய்ச்சல் குழுவில் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்துபோனார். அதன் பிறகு நான் இரண்டு காற்றுப்பைகள் வாங்கினேன். பார்வைக்கு அது சாதாரண முதுகுப்பை. இடது தோள்பட்டையில் ஒரு கைப்பிடி தொங்கும். அதை இழுத்தால் உள்ளே இருக்கும் காற்றுக் குப்பி வெடித்தாற்போலத் திறந்து, தலைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு பெரிய பை உப்பும். பனியோடு உருளும்போது அது ஆளை மேலே மிதக்க வைக்கும் என்று விற்றவர் சொன்னார். ஆளைத் தேடும் கருவியும் இரண்டு வாங்கினேன்; புதைந்தவரின் கருவி விடும் குறியை மற்றவரின் கருவி பிடித்து, எவ்வளவு தூரம் என்று காட்டும். அதை நீலாஸ் மறுக்காமல் சட்டைக்குள் மாட்டிக்கொண்டான். பையை மாட்ட மறுத்துவிட்டான்.

மறுத்ததற்குக் காரணம் இருந்தது. போன வசந்தத்தில் அவன் பையைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். ஒரு மானைப் பிடிக்கத் தோளிலிருந்து சுருக்குக் கயிற்றை உருவியபோது அது கைப்பிடியில் மாட்டி, மந்தைக்கு நடுவே பை படாரென்று திறந்தது. மான்கள் நாலாபக்கமும் சிதறின. திரும்பச் சேர்க்க ஒன்றரை நாள் ஆனது. அன்றிலிருந்து அவன் பை வண்டியின் பின்புறம் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது.

24ஆம் தேதி காலை ஐந்தரை மணிக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு வந்தது. அவன் உலர்ந்த இறைச்சியைச் சீவிக் காப்பியில் போட்டபடி, "என்ன மதினி, இன்னைக்கும் பிள்ளையச் சொமந்துக்கிட்டுதான் வாறீங்களா?" என்றான்.

"ஒன் பிள்ளையும் வண்டியில கெடக்கு. எடுத்து மாட்டு" என்றேன்.

"முதுகுல அது, தோள்ல கயிறு, மடியில நாய். நான் எங்க உக்கார்றது? அதெல்லாம் சனிக்கெழமை வெளையாட வர்ற டவுன்காரனுக்கு. அவன் சரிவைப் பார்ப்பான், பிடிக்கலன்னா திரும்பிப் போவான். நமக்கு வழி சொல்றது மான்."

"அதனாலதான் சொல்றேன்."

"போன வருஷம் மாதிரி இன்னொரு தடவ வெடிச்சா நீங்கதான் ஓடிப்போய் பிடிக்கணும். அண்ணன்கிட்ட இப்பவே சொல்லிருங்க" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அதன் பிறகு நான் வற்புறுத்தவில்லை.

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். அதற்கு முந்தின மூன்று நாளும் மேற்கிலிருந்து பனியோடு காற்று அடித்திருந்தது. அன்று வானம் தெளிவாக இருந்தது. ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் ராஷ்வாக்கியில் நுழைந்தோம். மந்தை பள்ளத்தாக்கின் தென்கரையை ஒட்டி ஒழுங்காக நடந்தது. அப்போது ஏறத்தாழ நாற்பது மான்கள் பிரிந்து, எதிர்ப்பக்கம் வடக்குச் சரிவில் காற்று பனியைச் சீய்த்துவிட்டுப் போயிருந்த ஒரு திட்டில் பாசி தின்ன ஏறின. அந்தத் திட்டுக்கு மேலே, முகட்டில், காற்று கட்டிவைத்த பனிக்கூரை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. வெயில் அதன் மேல் விழத் தொடங்கியிருந்தது.

பள்ளத்தாக்கின் நடுவே நின்ற என் பக்கத்தில் நீலாஸ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "விடுங்க மதினி. தின்னுட்டுத் தானா எறங்கும்" என்றான்.

"எறங்காது. அத்தனையும் சினை. அந்தக் கூரை மத்தியானம் வரைக்கும் நிக்காது" என்றேன்.

"நிக்காதுன்னு தெரிஞ்சும் அதுக்குக் கீழ போறீங்களா?"

"ஓரமா ஒரு சுத்து சுத்தி வெரட்டிட்டு வந்துர்றேன். நீ அதோ, அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால போய் நில்லு."

"அங்க நின்னா நீங்க தெரிய மாட்டீங்க. நான் இங்கயே நிக்கிறேன்" என்றான்.

முதல் வாக்குமூலத்தில் நான் விட்டது இந்த இடத்தில் வருகிறது. நான் அந்தச் சரிவை நன்றாகப் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாகப் பனியில் போகிறேன், பார்த்தால் தெரியும். போகக்கூடாது என்று தெரிந்தது. அதே நேரம் என் கை தோளுக்குப் போய்க் கைப்பிடி வெளியே இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. பை இருக்கிறதே என்று நினைத்தேன். அதன் பிறகுதான் வண்டியை முடுக்கினேன்.

மான்களுக்கு மேற்கே ஐம்பது அடி வரை ஏறினேன். அங்கே எனக்குக் கீழே பனி ஒரு முறை உட்கார்ந்தது. பெரிய வீட்டுக்குள் கனமான கதவை மூடினால் எழும் சத்தம் போல ஒரு சத்தம். நாற்பது மான்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. ஒன்றுகூட ஓடவில்லை. அதன் பிறகு முகட்டுக்கு அடியில் ஒரு கோடு, நீலமாக, இடமிருந்து வலமாக ஓடியது. அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்தபடியே இருந்தேன், கோடு முடியவேயில்லை. மலையின் அந்தப் பக்கம் முழுவதும், நான் நின்ற இடத்தையும் சேர்த்து, இறங்க ஆரம்பித்தது.

வண்டி என்னைக் கீழே தள்ளிவிட்டு எனக்கு முன்னால் போயிற்று. கைப்பிடியை இழுத்தேன், கையுறை வழுக்கியது. பல்லால் கடித்துக் கையுறையை உருவிவிட்டு மறுபடி இழுத்தேன். காதுக்குப் பின்னால் பை திறந்தது. அதுவரை கால், தலை என்று தெரியாமல் உருண்டுகொண்டிருந்தவளை யாரோ சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தது போல இருந்தது.

அதன் பிறகு நான் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்கிறேன். பனி நின்ற மாதிரியும் பள்ளத்தாக்கு மேலே ஏறி வருகிற மாதிரியும் தெரிந்தது. வீடு அளவு கட்டிகள் என் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. நடுவே மான்கள் வந்தன. நீந்தின. ஆற்றைக் கடக்கும்போது எப்படிக் கழுத்தை நீட்டிக் கால் போடுமோ அப்படியே போட்டன. சினைப் பெட்டை ஒன்று கொம்போடு என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்தது. காதில் எங்கள் அடையாள வெட்டு தெரிந்தது. அதன் கண் என்னைப் பார்க்கவில்லை. நான் கொம்பைப் பிடித்தேன். பனி அதைக் கீழே இழுத்தது, என்னை மேலே தூக்கியது. என் கையால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. பயந்தேனா என்று அதிகாரி கேட்டார். அப்போது பயம் வரவில்லை. இத்தனை பெரியது ஒன்று நடக்கும்போது அதற்குள் இருந்துகொண்டு கண்ணைத் திறந்து பார்க்க ஒருத்தியை விட்டுவைத்திருக்கிறதே என்றுதான் தோன்றியது.

நின்றபோது இடுப்பு வரை புதைந்து உட்கார்ந்திருந்தேன். கைகள் வெளியே இருந்தன. பனி அந்த நிமிடமே சிமெண்டாக இறுகிவிட்டது. பின்னால் அளந்தவர்கள் நான் அறுநூற்றிருபது மீட்டர் வந்ததாகச் சொன்னார்கள். சத்தமே இல்லை. அண்ணாந்து பார்த்தேன். முகட்டுக்கு அடியில் இரண்டு ஆள் உயரத்துக்கு வெட்டிவைத்த சுவர் போல நீலப் பனி தெரிந்தது. அந்தச் சுவர் பள்ளத்தாக்கின் கோடி வரை போயிற்று. மானுக்காக ஓரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு இதன் மேல்தான் ஏறியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நீலாஸ் நின்ற இடத்தைப் பார்த்தேன். அங்கே இடமே இல்லை. கத்திக் கூப்பிட்டேன், பதில் இல்லை.

என் பனிவண்டி எங்கோ அடியில் இருந்தது. வண்டியில் எப்போதும் இருக்கும் பெரிய மண்வாரியும் அதோடு போயிற்று. ஆனால் காற்றுப்பைக்குள் மடக்கி வைத்த ஒரு சிறிய மண்வாரியும் துழாவு கம்பியும் இருந்தன, முதுகிலேயே இருந்தன. அந்த மண்வாரியால் என்னைத் தோண்டி எடுத்துக்கொண்டு, கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினேன். முதலில் நாற்பத்திரண்டு மீட்டர் என்று காட்டியது. பிறகு முப்பது. உப்பிய பை முதுகில் ஆட, கட்டிகள் மேல் விழுந்து எழுந்து போனேன். பதினொன்று. நான்கு. ஒன்று புள்ளி மூன்று. அதற்குக் கீழே இறங்கவில்லை. மண்டியிட்டுக் கம்பியைக் குத்தினேன். நான்காவது குத்தில் மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டது. பனிக்கும் மண்ணுக்கும் அந்த மெத்து கிடையாது.

தோண்டினேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கருவியில் பதிவானதைப் பார்த்து, சரிவு நின்றதிலிருந்து முகம் வெளியே தெரியும் வரை பதினெட்டு நிமிடம் என்று அதிகாரி சொல்கிறார். உதடு நீலமாக இருந்தது. வாய்க்குள் பனி அடைத்திருந்தது. விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். ஐந்து முறை ஊதினேன். பிறகு மறுபடி ஊத ஆரம்பித்தேன். ஏழாவதோ எட்டாவதோ ஊதும்போது அவன் என் முகத்தில் இருமினான்.

அவன் முதலில் கேட்டது, "சாப்பெ எங்க?" என்பதுதான். நாய் அவனுக்குக் கீழே செத்துக் கிடந்தது. அவன் கை அதன் கழுத்துப்பட்டையில் இருந்தது, அவனுக்கு அது தெரியவில்லை. கை விறைத்திருந்தது. அவன் கண்ணை மூடியபோது நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

அதன் பிறகு சட்டைப்பையில் இருந்த, உதவி கேட்டுச் செய்தி அனுப்பும் அவசரக் கருவியில் பொத்தானை அழுத்தினேன். ஐம்பது நிமிடத்தில் ஹெலிகாப்டர் வந்தது. நீலாஸை ட்ரொம்ஸோ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தொடை எலும்பும் நான்கு விலா எலும்பும் முறிந்திருந்தன. முப்பத்தொரு மான்கள் இறந்தன.

போன ஞாயிறு மருத்துவமனைக்குப் போய் அவனைப் பார்த்தேன். பேச்சுத் தெளிவாக இருக்கிறது. அவன் வண்டி கிடைத்துவிட்டது, அதில் பை கட்டியபடியே இருந்தது, அவிழ்த்து மாட்டியிருந்தால் அவனும் மேலேயே இருந்திருப்பான் என்று சொன்னேன்.

"மதினி, நீங்க அதை மாட்டாம இருந்திருந்தா எனக்கு அது தேவைப்பட்டிருக்காதே" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். விலா வலித்ததால் பாதியில் நிறுத்திவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தேன். அவன் சொன்னது உண்மை. பை இல்லாதிருந்தால் அந்த நாற்பதையும் விட்டிருப்பேன், ஏறியிருக்க மாட்டேன். ஏறிய பிறகு பை இல்லாதிருந்தால் நானும் அடியில் கிடந்திருப்பேன், அவனைத் தோண்ட ஆள் இருந்திருக்காது. இரண்டும் ஒரே பைதான்.

கேள்வி: பனிவண்டியில் வேலை செய்பவர்களுக்குக் காற்றுப்பை பயனுள்ளதா? படிவத்தில் ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும்.

பதில்: ஆம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வரும் வருடமும் போடுவேன், நீலாஸுக்கும் கயிறு மாட்டாதபடி கைப்பிடியை வலது பக்கம் மாற்றித் தருவேன். ஆனால் அன்று சரிவைப் பார்த்த பிறகு நான் தோளைத் தடவியதையும் அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்று அதிகாரி சொன்னார். அப்படியானால் பின்பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

கேள்வி: ஹெலிகாப்டர் போன பிறகு நீங்கள் ஏன் அங்கேயே தங்கினீர்கள்?

பதில்: மந்தை அங்கே இருந்தது. சரிவு நடந்ததிலிருந்து அவை தென்கரையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வழி முழுவதையும் பனிக்கட்டிகள் அடைத்திருந்தன. ஓட்ட என்னிடம் வண்டியும் இல்லை, நாயும் இல்லை. மாலை ஆறு மணிக்கு வெயில் சாய்ந்து பனி இறுகியது. அப்போது முன்னால் நின்ற கிழட்டுப் பெட்டை கட்டிகள் மேல் ஏறி, மோந்து பார்த்து, நடந்தது. அதன் பின்னால் மற்றவை ஒவ்வொன்றாக ஏறின. நடக்கும்போது அவற்றின் கணுக்காலில் சொடக்குப் போடுவது போலச் சத்தம் வரும், அது நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்பது. இத்தனை மான்கள் ஒரே வரிசையில், வேறு எந்தச் சத்தமும் இல்லாத பள்ளத்தாக்கில் நடக்க நான் கேட்டதில்லை. நீலாஸைத் தோண்டிய குழிக்குப் பக்கத்திலும், கீழே புதைந்து கிடந்த தங்கள் கூட்டத்துக்கு மேலும் நடந்து, கடல் பக்கமாகப் போயின. முழு மந்தையும் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசி மானும் கடந்த பிறகு மந்தைக்குப் பின்னால் நடந்து போனேன்.

இதுவரை உள்ளதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை, யாரும் என்னை மிரட்டிச் சொல்லவைக்கவும் இல்லை. ஒரே ஒரு திருத்தம் செய்தேன். கடைசி வரியில் அதிகாரி "மந்தையை ஓட்டிக்கொண்டு போனேன்" என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, "மந்தைக்குப் பின்னால் நடந்து போனேன்" என்று எழுதச் சொன்னேன். திருத்தத்தின் ஓரத்திலும் கீழேயும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ரவ்னா மாகா ஸ்கும்

என் முன்னிலையில்: ஓட்வார் நெஸ், ஆய்வாளர்