கோடித்துணிக்குள் வைத்த மருந்துப் புட்டி

விழுப்புரம் காவல் நிலையத்தில், 1987 செப்டம்பர் 9 அன்று, உதவி ஆய்வாளர் விசாரித்ததன் பேரில் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் கிருஷ்ணவேணி. வயது 59. காலஞ்சென்ற வெங்கடாசலத்தின் மனைவி. திண்டிவனம் மேட்டுத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் பேரப்பிள்ளைகள் நான்கு பேருக்கும் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவள் நான்தான். ஆகவே விவரம் தெரியாத கிழவி ஏதோ சொல்கிறாள் என்று யாரும் எழுத வேண்டாம்.

இறந்துபோன தாண்டவராயன் என் தகப்பனார். பனமலைக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்தவர். புகையிலை போட்டுப் போட்டுக் கன்னத்தில் புற்று வந்தது. சித்திரை மாதம் ஆஸ்பத்திரியில் இனி வைத்தியம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் தம்பி சீனுவாசன் வீட்டில் புண்ணின் வாடை தாங்க முடியவில்லை என்று பேச்சு வந்தது, அதன் பேரில் நான் அப்பாவைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தேன். தம்பியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வாடை இருந்தது உண்மை.

அதன் பிறகு, விழுப்புரத்தில் கன்னியர் மடத்து மருந்தகத்திலிருந்து சாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேரில் போய்ச் சொன்னேன். அது முதல் சிஸ்டர் அமலோற்பவமேரி பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவவும், பழந்துணியை வேகவைத்துக் கட்டவும், முதுகு வெடிக்காமல் புரட்டிப் படுக்க வைக்கவும், கேப்பைக் கூழை வடிகட்டிக் கடைவாயில் ஊட்டவும் எனக்குக் காட்டிக் கொடுத்தார். புண்ணில் புழு வைத்த அன்று நான் கொல்லைப் பக்கம் ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். அதற்குள் அவர் பாதிக்கு மேல் எடுத்து முடித்திருந்தார். இடுக்கியை என்னிடம் நீட்டி, "மீதிய நீங்க எடுங்கம்மா, அப்பதான் நான் வராத அன்னிக்கி கை வரும்" என்றார். எடுத்தேன்.

வலிக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி, பழுப்புப் புட்டியில் மார்ஃபின் என்னும் மருந்து கொண்டுவருவார். எதுவரை கொடுத்தோம் என்று தெரிய வெளியே பிளாஸ்திரித் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். பழைய புட்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது. மருந்து உள்ளே போனால் அப்பா தூங்குவார், நானும் சுவரில் சாய்ந்து தூங்குவேன். அந்த மாதங்களில் பாய் விரித்துப் படுத்ததாக எனக்கு நினைவில்லை.

அப்பாவின் பேச்சு குழறிப் போயிருந்தது, ஆனாலும் எனக்குப் புரியும். ஒரு நாள் சிஸ்டர் இருக்கும்போதே, "இன்னா பாப்பா, நான் சாராயம் குடிச்சா கதவ தொறக்காதவ, இப்ப நீயே வேளாவேளைக்கி ஊத்திக்கினு இருக்கற" என்றார். சிஸ்டர், "தாத்தா, இதுக்கு ஊறுகா கெடையாது" என்று சொல்ல, அப்பா சிரித்தார். சிரித்ததில் புண் பிளந்து ரத்தம் வந்தது. அதைத் துடைத்தோம்.

ஆடி மாதத்தில் அவர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று பிடிவாதம் செய்தார். பிறகு, "அங்க போயும் வலிச்சா இன்னா பண்றது பாப்பா?" என்று கேட்டார். எனக்கு அசதி. "குடுத்து அனுப்பறேன், நீ தூங்கு" என்றேன். தூங்கினார்.

ஆடிக் கடைசியில் இறந்துவிட்டார். உடலை டெம்போவில் ஊருக்குக் கொண்டு போனோம். எங்களில் சொந்தக் கொல்லையில், பயிர் நிலத்து ஓரத்திலேயே, புதைப்பதுதான் வழக்கம். இறந்தவர் புழங்கிய பொருளைக் கூடவே வைப்பதும் உண்டு. தம்பி வெற்றிலைப் பெட்டியை வைத்தான். பிணத்தின் மேல் புதுத்துணி போர்த்தும் கோடி முறை வந்தபோது, மீதி மருந்து இருந்த புட்டியை நான் அப்பாவின் வேட்டி மடியில் வைத்து முடிந்து, அதன் மேல் கோடியைப் போர்த்தினேன். யாரும் பார்க்கவில்லை. மீந்த மருந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அது அப்போது ஞாபகம் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. ஞாபகம் இருந்தது. கொடுத்து அனுப்புகிறேன் என்று அப்பாவுக்கு நான் சொன்ன சொல்லும் ஞாபகம் இருந்தது.

அதன் பிறகு காரியத்தன்று சிஸ்டர் வந்து புட்டியைக் கேட்டார். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த இடம். வெட்கப்பட்டுக்கொண்டு, "கை தவறி ஒடைஞ்சி போச்சி சிஸ்டர்" என்றேன். அவர் என்னை நம்பி அப்படியே போய்ச் சொல்லிவிட்டார். தணிக்கைக்கு வந்த அதிகாரிகள் உடைந்த கண்ணாடி எங்கே என்று கேட்டு, அது இல்லாததால், மருந்தை அவர் வெளியில் விற்றுவிட்டார் என்று புகார் கொடுத்திருப்பதாக அறிந்தேன். மருந்து அலமாரிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கண்டமங்கலத்தில் மார்பில் புற்று வந்த ஒரு பெண் மருந்தில்லாமல் கிடக்கிறாள் என்று சிஸ்டர் சொன்னார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும்தான் சொன்னார். அந்த வலி எப்படி இருக்கும் என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

நேற்று தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். "ஒரு புட்டிக்கோசரம் அப்பன தோண்டுவியா? கொல்லையில மம்பட்டி பட்டுச்சின்னா பொறந்த வூட்ட மறந்துடுக்கா" என்றான். "நாளைக்கி அந்தம்மா ஜெயிலுக்குப் போனா, அப்பா முகத்துல நீ முழிப்பியாடா?" என்று கேட்டேன். உள்ளே போய்விட்டான். அவன் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு வந்தேன்.

சிஸ்டரைக் காப்பாற்ற நான் கதை கட்டுவதாக அய்யா சொன்னீர்கள். முதலில் பொய் சொன்னவள் நான், அப்படி நினைப்பதில் தப்பில்லை. தாசில்தார் உத்தரவு வாங்கிக் குழியைத் திறந்து பாருங்கள். மகள் என்ற முறையில் சம்மதிக்கிறேன். புட்டியில் இரண்டாவது பிளாஸ்திரி வரை மருந்து இருக்கும். அதற்கு என்ன தண்டனை உண்டோ அதை எனக்குக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்களில் பெண்கள் அடக்கம் செய்யும் இடத்துக்குப் போவதில்லை. அன்றைக்கு நானும் தெருமுனையோடு திரும்பிவிட்டேன். தோண்டும் அன்று நான் வருவேன். மண்ணை ஆட்கள் எடுக்கட்டும். துணிக்கு வந்ததும் எல்லோரும் நகர்ந்துகொள்ள வேண்டும். அவரைப் புரட்டித் தேடக் கூடாது. எந்தப் பக்கத்து மடியில் முடிந்தேன் என்று என் கைக்குத் தெரியும்.

நான் சொன்னது இவ்வளவுதான், இதில் பொய் எதுவும் இல்லை. ஏட்டு எழுதியதை நானே வாங்கி முழுவதும் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. கைநாட்டுக்கு வைத்த மைப்பெட்டியை நகர்த்திவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) வெ. கிருஷ்ணவேணி