டாம்சின் ரட்டை எல்லையிலிருந்து அழைத்துவந்த விவரம்

எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காலனியான ரோட் தீவுக்காரர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு ஏதும் கிடையாது. அவர்களுடைய பாலாடைக்கட்டி எங்களுடையதைவிட நன்றாக இருக்கும். எங்கள் ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லார் வீட்டு அலமாரியிலும் அதுதான் இருக்கும். நீங்கள் பாஸ்டனிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். எல்லையோரத்துப் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் எலியாக்கிம் பிரவுட். கோல்ட்பரி ஊரில் ஒன்பது வருஷம் கான்ஸ்டபிளாக இருந்தேன். ஓய்வுநாளில் சபைக்கு வராதவர்களை விசாரிப்பது, குடித்துவிட்டுக் கத்துகிறவனைத் தொழுமரத்தில் மாட்டுவது, இவைதான் வேலை. வெளியிலிருந்து வந்து தங்குகிறவர்களிடம், 'நீ இந்த ஊர் ஆள் இல்லை, போய்விடு' என்று ஓர் அறிவிப்பும் வாசிப்பேன். அதைக் கேட்டு யாரும் மூட்டை கட்டுவதில்லை. கேட்ட பிறகும் இருபது வருஷம் வாழ்ந்து இங்கேயே செத்தவர்கள் உண்டு. ஆனால் வாசித்துவிட்டால், நாளை அவர்கள் படுத்துக்கொண்டால் ஊர் தாங்க வேண்டியதில்லை. எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

டாம்சின் ரட் வர்ஜீனியாவிலிருந்து வந்தவள். புகையிலைத் தோட்டத்தில் ஏழு வருஷ ஒப்பந்தம் முடித்து, கப்பலேறி ரோட் தீவின் நியூபோர்ட்டில் இறங்கி, எட்டு நாள் அங்கே தங்கிவிட்டு, நடந்தே எங்கள் ஊருக்கு வந்தாள். என் மனைவி மெகிட்டபெலுக்கு நெஞ்சுச் சளி. பால் கறக்க ஆள் வேண்டியிருந்தது. வந்த வாரமே நான் அவளுக்கு அறிவிப்பை வாசித்தேன். பசுவின் மடியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"போகச் சொல்றீங்களா, கறக்கச் சொல்றீங்களா அய்யா? ரெண்டையும் ஒண்ணா செய்ய முடியாது."

வர்ஜீனியாக்காரர்கள் அப்படித்தான். வாய்க்குப் பூட்டு கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் ஊரில் ஆடிப்பாடுவார்களாம். எங்கள் சபை அதைக் கொண்டாடுவதில்லை. எங்களுக்கு அது சாதாரண நாள், நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். அவள் அடுப்படியில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். மெகிட்டபெல் இருமலுக்கு நடுவே சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பாட்டை நிறுத்தச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த மே மாதம் அவள் கர்ப்பமானாள். என்னால்தான். மாட்டுக்கொட்டகையில். அவள் வேண்டாம் என்று சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை.

எங்கள் காலனியின் வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். கணவன் இல்லாத பெண்ணுக்கு வலி கண்டால் மருத்துவச்சி உடனே கை வைக்க மாட்டாள். வலி உச்சத்துக்குப் போகும்போது, தகப்பன் யார் என்று கேட்பாள். அந்த நேரத்தில் எந்தப் பெண்ணுக்கும் பொய் வராது என்பது நம்பிக்கை. அவள் சொல்லும் பெயரை நீதிமன்றம் அப்படியே ஏற்கும். எங்கள் மருத்துவச்சி லார்க்கம் அம்மாள் ஒரு சொல்லையும் தவறவிட மாட்டாள். என் பெயர் வந்தால் பதவி போகும். சபை முன்னால் நின்று பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மெகிட்டபெல் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். அவள் உடம்பு தாங்காது. நான் அவளுக்காகத்தான் பயந்தேன்.

ரோட் தீவிலும் கேட்பார்கள்தான். ஆனால் அங்கே சொன்னது இங்கே எடுபடாது. எங்கள் சபைக்கு ஒவ்வாதவர்கள் என்று நாங்கள் துரத்திய குவேக்கர்கள், பாப்டிஸ்டுகள், வாயாடிகள் எல்லாரையும் சேர்த்துக்கொண்ட இடம் அது. அவர்கள் நீதிபதி எழுதும் கடிதத்தை எங்கள் நீதிபதிகள் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பிப்ரவரியில், அவளை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட ஊர்ப் பெரியவர்களிடம் உத்தரவு கேட்டேன். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். பனிச்சறுக்கு வண்டியில் டாம்சினை ஏற்றி, மூன்று மைல் தள்ளி எல்லைக் கற்குவியலருகே, அந்தப் பக்கத்துக் கான்ஸ்டபிள் ஒபதியா சிஸ்ஸனிடம் ஒப்படைத்தேன்.

நான்காம் நாள் நடுப்பகலில் சிஸ்ஸன் ஆள் அனுப்பினான். போனேன். அதே கற்குவியலருகே அவன் வண்டியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"என்னய்யா எலியாக்கிம், எங்க ஊரை உங்க குப்பைமேடுன்னு நெனச்சியா?" என்றான் சிரித்துக்கொண்டே. "சாமி பேரைச் சொல்லித் துரத்துனீங்க, வாங்கிக்கிட்டோம். இப்பப் பிள்ளைத்தாய்ச்சியையும் துரத்துறீங்க. ரெண்டு மணி நேரம் பிரசங்கம் கேக்குறீங்களே, அதுல இதைப் பத்தி ஒண்ணுமே வராதா?"

"நியூபோர்ட்ல எட்டு நாள் தங்கியிருக்கா. அப்ப உங்க ஆளுதான்."

"வர்ஜீனியாவுல ஏழு வருஷம் இருந்திருக்காளே, அங்க கொண்டுபோய் விடு. வழி வேணா நான் சொல்றேன், நேரா தெற்கால போ."

அப்போது டாம்சின் வண்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு குனிந்தாள். சிஸ்ஸனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வலி வந்திருச்சுய்யா. திருப்பி அனுப்பச் சொன்ன காகிதம் கெடக்கட்டும், என் வீட்டுக்கே திருப்பிட்டுப் போறேன். என் பொண்டாட்டி பிரசவம் பாப்பா."

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். நீதிபதியின் கடிதம்தான் எங்கள் ஊருக்குள் வராது. சிஸ்ஸன் வருவான், சந்தைக்கு, பாலாடைக்கட்டி வண்டியோடு. அவன் மனைவி காதில் விழுந்தது மறுவாரமே கோல்ட்பரி முழுக்கத் தெரிந்துவிடும்.

"எங்க ஆளை நாங்க பாத்துக்குவோம்" என்றேன்.

அவனே அவளைக் கைத்தாங்கலாக என் வண்டியில் ஏற்றிவிட்டு, தன் கம்பளியையும் போர்த்திவிட்டான்.

இரண்டு மைல் வந்ததும், சதுப்பு ஓரத்து வைக்கோல் கொட்டகையில் வண்டியை நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் லார்க்கம் அம்மாள் வீட்டுப் புகை தெரியும். டாம்சினும் அதைத்தான் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

கேட்க வேண்டியதை நானே கேட்டேன். தகப்பன் யார்?

"உங்களுக்குத் தெரியாதா அய்யா?"

கோபப்படாமல் விளக்கினேன். நியூபோர்ட் மாலுமி யார் பெயரையாவது சொல்லட்டும், அதையே லார்க்கம் அம்மாளிடமும் சொல்வதாக வேதத்தின் மேல் ஆணையிடட்டும், உடனே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றேன். பிறகு இரண்டாம் முறை கேட்டேன்.

"இந்த நேரத்துல பொய் சொன்னா பிள்ளை செத்துப் பிறக்கும்னு உங்க ஊர்ப் பொம்பளைங்கதான் சொன்னாங்க. நான் சொல்ல மாட்டேன்."

எங்கள் வழக்கம் ஒவ்வொன்றையும் கேலி செய்தவள், இதை மட்டும் எங்களைவிட உறுதியாக நம்பியிருந்தாள். எனக்கு அவள் மேல் மரியாதையே வந்தது. மூன்றாம் முறை கேட்டபோது என் பெயரைச் சொன்னாள். அய்யா போடாமல், வெறும் எலியாக்கிம். பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே வந்து குதிரைக்கு வைக்கோல் போட்டேன். அவள் மனம் மாற நேரம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இருட்டத் தொடங்கும்வரை கொடுத்தேன். உள்ளே போய் ஒரு முறை பார்த்தேன். குழந்தையின் கால்தான் முதலில் வந்திருந்தது. அதற்கெல்லாம் நான் என்ன செய்ய முடியும், நான் மருத்துவச்சி இல்லையே.

ரோட் தீவுக்காரர்கள் குளிரில் போட்டுச் சாகடித்து அனுப்பினார்கள் என்று ஊரில் சொன்னேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ரோட் தீவு என்றால் எங்களுக்கு அதுவே போதும். சந்தைக்கு வந்த சிஸ்ஸனின் வண்டி மேல் கல்லெறிந்தார்கள். நெற்றியில் ரத்தத்தோடு அவன் என்னைப் பார்த்து, "பிள்ளை ஆணா பொண்ணா?" என்று கேட்டான். தாய்க்கென்று ஒரு கட்டி பாலாடைக்கட்டி கொண்டுவந்திருந்தான். உயிரோடு ஒப்படைத்தேன் என்று அவன் கத்தியதுதான் உங்கள் காதுவரை வந்திருக்கிறது.

இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய குற்றப்பத்திரிகையில் ஒரு வரியை அடித்துவிட வேண்டும். 'தகப்பன் யார் என்று கேட்டேன், அவள் யார் பெயரையும் சொல்லவில்லை' என்று ஊர்ப் பதிவில் நான் எழுதியது பொய்யாம். ஒன்பது வருஷத்தில் நான் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. இருட்டிய பிறகு விளக்கை ஏற்றி, குனிந்து, நான்காம் முறையும் கேட்டேன். அவள் சொல்லவில்லை.