சேற்றில் சிக்கிய காலணி

பட்டறையைப் பரிவோடு காத்துவரும் தலைவர் கமருத்தீன் அவர்களே! மை அரைத்தே விரல் கறுத்த மூத்தோர்களே! கஞ்சி தடவிக் காகிதத்துக்கு மெருகேற்றும் தாய்மார்களே! ஹெராத் நகரத்து எழுத்தன் பிர்சாத்தின் பணிவான சலாம்!

நம் இளவரசர் அர்ஜுமந்த் படங்களோடு கேட்ட தம் குலவரலாற்று நூல் இன்று நிறைவுற்றது. புகழ் யாருக்கு? அதை அப்புறம் பார்ப்போம். முதலில் பழியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

எழுத்தன் எழுதி இடம் விடுவான். ஓவியன் அதை நிரப்புவான். இடத்துக்கு மேலே எந்த வரியோ அதுவே படம். இது நம் பட்டறைச் சட்டம். இளவரசரின் பாட்டனார் ஆற்றங்கரையில் வென்ற காட்சிக்கு இடம் விட்டேன். விட்டவன் சும்மா இருந்தேனா? அழகாக வருகிறதே என்று எழுத்தை இழுத்தேன். இழுத்ததை இன்னும் நீட்டினேன்! நாலு வரி அடுத்த பக்கம் போயிற்று. வெற்றியும் கூடவே போயிற்று. மேலே நின்ற வரி எது? வெற்றிக்கு முதல் நாள் அவர் தோற்று ஓடிய வரி!

யாரங்கே சிரிப்பது, ஜரீன் அக்காவா? சிரியுங்கள் அக்கா. அன்று நான் அழுதேன்.

ஓவியர் மூமினிடம் ஓடினேன். "மூமின், ஜெயிச்ச மாதிரியே வரைஞ்சிடுடா. நம்ம ரெண்டு பேர் கையும் போயிடும்!"

"மேல ஓடுறார்னு எழுதிட்டு, கீழ ஜெயிக்கிறார்னு நான் வரையணுமா? போய்யா, உன் வேலையப் பாரு."

வரைந்தே விட்டான்! தலைப்பாகை இல்லை, குதிரை இல்லை, சேற்றில் ஓடுகிறார் பாட்டனார்.

இளவரசர் வந்தார். பக்கத்தில் நின்ற அமைச்சர் மூமினைக் காட்டிச் சீறினார்: "பிரபு, இவன் கையை வெட்டணும்!"

இளவரசர் குனிந்து படத்தைப் பார்த்தார். "மூமின், இது தப்பு" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"தாத்தாவே எங்கிட்டச் சொல்லியிருக்கார். ஒரு கால் செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சாம். நீ ரெண்டு காலுக்கும் போட்டு விட்டிருக்கியே. ஒண்ணக் கழட்டு!"

அவையோரே, எழுதுவோருக்குப் பொன் கொடுத்தவர் இல்லையா? உண்டு! பொருள் கொடுத்தவர் இல்லையா? உண்டு! தன் குலத்தின் தோல்வியையே எடுத்துக் கொடுத்து, "இதையும் எழுது, சரியாக எழுது" என்றவர் எத்தனை பேர்? அந்த ஒரு சொல்லுக்காக என் ஆயுளெல்லாம் அவருக்கு எழுதுவேன்!

அந்த வெறுங்காலை, ஐந்து விரலும் தெரிய, வரைந்த கை இதோ முன்வரிசையில் இருக்கிறது. மூமின், வெட்டப்படாத அந்தக் கையைக் கொஞ்சம் உயர்த்தடா, ஊர் பார்க்கட்டும்!

என் பிழையைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. அமைதி உங்கள் இல்லந்தோறும் தங்கட்டும்!