பன்னிரண்டாவது குறை

ஜன்னல்களில் ஒரு குறையும் இல்லை சார். எல்லாம் தேக்கு. சாத்தினால் சத்தம்கூட வராது. அந்த வீட்டில் தச்சு வேலை முழுக்கச் சுத்தம்.

மாடிக் கதவையும் பார்த்தேன். பால்கனிக்குப் போகிற கதவைத்தானே கேட்கிறீர்கள்? கீழ்த்தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஐந்தாவது குறையாக எழுதியிருக்கிறேன். பட்டியல் உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது.

முதலிலிருந்தா? சரி. என் பெயர் ராஜாராம். வயது இருபத்து நாலு. ஓவர்சியர் படிப்பு முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. வேலைக்கு மனுப் போட்டுவிட்டு உத்தரவுக்காகக் காத்திருக்கிறேன். அதுவரை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்துக்கொண்டிருக்கிறேன். பனி பெய்கிற ஊர்களில் நடக்கிற கதைகள். அவற்றில் பால்கனி நிறைய வரும். ஜவுளிக்கடை பஷீர் அகமது பாய் சிமெண்டு பர்மிட்டுக்கு ஒன்றரை வருஷம் அலைந்து, திண்டிவனம் ரோட்டில் மாடி வீடு கட்டி, தெருவைப் பார்க்க நாலடி நீட்டி ஒரு பால்கனியும் போடுகிறார் என்று கேள்விப்பட்டபோது, ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

ஊரில் எனக்கு இன்னொரு பெயர் உண்டு. காலையில் ஏட்டையா அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னை உள்ளே கூப்பிட்டார். விரிசல்.

படிப்பு முடித்து வந்த புதிதில் மூன்று இடங்களில் விரிசல் பார்த்துச் சொன்னேன். கமலாம்பாள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒன்று. துரைக்கண்ணு அரிசி மண்டியின் பக்கச் சுவரில் ஒன்று. சினிமாக் கொட்டகையில், டிக்கெட் கொடுக்கிற அறையில் ஒன்று. மூன்றும் அடுத்த மழைக்குத் தாங்காது என்று சொன்னேன். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மூன்றும் நிற்கின்றன. நான் மண்டிப் பக்கம் போகும்போதெல்லாம் துரைக்கண்ணு வேண்டுமென்றே அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்வார்.

"இன்னாப்பா விரிசல், இன்னிக்கி வுழுந்துடுமா? இல்ல, சாப்ட்டு வந்து சாஞ்சிக்கட்டுமா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதற்காக நான் யார்மேலும் கோபப்பட்டதில்லை.

பஷீர் பாயின் மனைவி அசீசுன்னிசா அம்மா மட்டும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. தம்பி என்பார். அவர் சிறு பெண்ணாக இருந்தபோது ஓர் அடைமழையில் வீட்டுக் கூரை உள்வாங்கி, பக்கத்தில் படுத்திருந்த தங்கை இறந்துபோனாளாம். அதனால், விவரம் தெரிந்த ஒருவர் புது வீட்டை மூலை முடுக்கெல்லாம் தட்டிப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் பால் காய்ச்சிக் குடிபோவது என்று பிடிவாதமாக இருந்தார். பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா அசையவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

மேஸ்திரி விநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. நியாயம்தான். முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவர். நான் தூக்குக்குண்டும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு போனபோது மணல் குவியல்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"வாப்பா விரிசல். அதோ, ராஜகிரி மல மேல கோட்டையப் பாரு. எத்தினி நூறு வருசமா நிக்குது. அத எந்த ஓவர்சியரு வந்து தட்டிப் பாத்தான்?"

"நின்னதுங்கதான் மேஸ்திரி இன்னிக்கி கண்ணுக்குத் தெரியுது. வுழுந்ததுங்கள யாரு பாத்தா?"

"வாய் நல்லாத்தான் இருக்குது. இந்த வாய்க்கே உனக்கு ஆர்டர் வந்துடும், போ" என்றார்.

இரண்டு நாள் பார்த்தேன். மொட்டைமாடியில் நீர் போகிற துளையை அடைத்துவிட்டு, ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் தேக்கி வைத்தேன். வடமேற்கு மூலையில் உள்ளே ஈரம் இறங்கியது. குளியலறைத் தண்ணீர் வெளியே போகாமல் வாசற்படிப் பக்கம் ஓடியது. கிழக்குச் சுவரைத் தட்டினால் இரண்டு இடத்தில் பூச்சு பொள்ளலாகக் கேட்டது. மாடிப்படியில் மூன்றாவது படி மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரம். இப்படிப் பதினொன்று. மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார், ஆனால் ஒரே வாரத்தில் பதினொன்றையும் சரிசெய்துவிட்டார். திருத்திய வேலை அவ்வளவு நேர்த்தி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக ஒன்று இருக்கட்டும்.

பால்கனியை நான் மூன்றாம் நாள்தான் பார்த்தேன்.

கான்கிரீட் கூரையில் பாரம் ஏறினால் நடுவில் தொய்யப் பார்க்கும். அடிப்பக்கம் இழுபடும். அதனால் கம்பியை அடியில் போடுவார்கள். பால்கனிக்கு இது தலைகீழ். அதை ஒரு பக்கம்தான் சுவர் பிடித்துக்கொண்டிருக்கிறது, நுனி அந்தரத்தில் நிற்கிறது. ஆள் ஏறினால் மேல்பக்கம்தான் இழுபடும். கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். விநாயகம் மேஸ்திரி உத்தரக் கட்டைமேல் செங்கல் அடுக்கி மச்சு போட்டே பழகியவர். கான்கிரீட்டில் அவருக்கு இது இரண்டாவது வீடு. பாரம் மேலேயிருந்து வருகிறது, தாங்குகிறது கீழேதானே இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பெண்டு பிள்ளைகள் நிற்கிற இடம் என்று கம்பியை வேறு தாராளமாகப் போட்டிருந்தார். அத்தனையும் அடியில்.

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் சிற்றுளியால் மேல்பக்கம் இரண்டு அங்குலம் குடைந்தேன். கம்பி இல்லை. ஏணி வைத்து ஏறி அடிப்பக்கம் குடைந்தேன். முக்கால் அங்குலத்திலேயே உளி கம்பியில் பட்டது. மொத்தக் கனமே நாலு அங்குலம்தான். மறுபடி மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேலே சுவர் ஓரமாக, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓட ஆரம்பித்திருந்தது.

கொஞ்ச நேரம் அங்கேயே, கதவுக்கு உள்பக்கமாக, உட்கார்ந்திருந்தேன். வெயில் இதமாக இருந்தது. கோட்டை மூன்று மலையோடும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு வருஷமாக ஊர் முழுக்கத் தேடியது கிடைத்துவிட்டது.

அசீசுன்னிசா அம்மாவிடம் சொல்லத்தான் இறங்கினேன். பாதிப் படியில் ஒரு யோசனை வந்தது. சொன்னால் என்ன நடக்கும்? அந்த அம்மா நம்புவார். பாயிடம் பிடிவாதம் பிடித்து அடியில் இரண்டு தூண் கொடுக்கச் சொல்வார். தூண் கொடுத்துவிட்டால் அந்தப் பால்கனி நூறு வருஷம் நிற்கும். அது நிற்கிற வரைக்கும் துரைக்கண்ணு அதைக் காட்டி, நாலாவதும் நின்னுடுச்சே என்று கேட்டுக்கொண்டிருப்பார். நிற்கிற ஒன்றைக் காட்டி, இது விழுந்திருக்கும் என்று எப்படி நிரூபிப்பது? நீங்களே சொல்லுங்கள். நோயாளி பிழைத்தால் வைத்தியருக்குப் பெயர். எங்கள் தொழிலில் அப்படி இல்லை.

திரும்பி மேலே போனேன். கொஞ்சம் சிமெண்டு குழைத்து இரண்டு குழிகளையும் அடைத்தேன். பட்டியலைப் பதினொன்றோடு நிறுத்திக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை.

மேஸ்திரி வேலையை முடித்த பிறகு, அசீசுன்னிசா அம்மா பட்டியலை இரண்டு தடவை படித்தார்.

"பால்கனி இன்னா தம்பி? அதப் பத்தி ஒண்ணுமே எழுதலியே."

"எழுதின பதினொண்ணையும் மேஸ்திரி சரி பண்ணிட்டாரும்மா."

நான் சொன்னது உண்மை. பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. "அப்ப வெள்ளிக்கெழம பால் காய்ச்சிடலாம்" என்று சொல்லி, எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கவலை வந்தது. அந்தப் பால்கனி பாரம் ஏறாமல் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நிற்கும். நான் ஊரில் இல்லாத ஒரு நாளில், ஒரு பெருமழையில் விழுந்தால், மழையால் விழுந்தது என்று சொல்லிவிடுவார்கள். நாலு பேர் பார்க்க விழ வேண்டும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பால்கனியில் நாலு பேர் ஏறினால் போதாது, ஐந்து பேர் வேண்டும் என்று வந்தது. அதுவும் நுனியில் நிற்க வேண்டும். சுவர் ஓரமாக நிற்கிற பாரம் அவ்வளவாகச் சேராது.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து ஓதினார். பால் பொங்கியது. எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். பாய் மேஸ்திரிக்குப் புது வேட்டியும் துண்டும் கொடுத்தார். குடும்பத்தோடு பால்கனியில் நின்று தெருவிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் பாய் என்று சொன்னது நான்தான். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். போட்டோகிராபர் ரங்கநாதன் முக்காலியைப் பால்கனிக்குக் கிட்டத்தில்தான் நிறுத்தினார். நான் அவரை எதிர்சாரி வரைக்கும் பின்னால் போகச் சொன்னேன். அடியில் கும்பலாக நின்றவர்களையும் விலக்கினேன். அவர்களில் ஒருவர்மேலும் ஒரு கீறல்கூட இல்லை. இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பால்கனிக்கு முதலில் வந்தது பாய். அப்புறம் அவர் மைத்துனர் அன்வர் பாஷா, மகள் தாஹிரா. கூச்சப்பட்டு உள்ளே நின்ற மேஸ்திரியையும் பாய் கையைப் பிடித்து இழுத்துவந்தார். மேஸ்திரி புது வேட்டியோடு நின்று, குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"விரிசல், நல்லா பாத்துக்க. நிக்குது."

"முன்னாடி வாங்க மேஸ்திரி, எல்லாருமே வாங்க. மூஞ்சி நிழல்ல இருக்குது" என்றேன். நாலு பேரும் கைப்பிடி ஓரத்துக்கு வந்தார்கள். ஐந்நூற்றுப் பத்து ராத்தல் இருக்கும். தாஹிரா ஒல்லி. அப்போதும் நின்றது. என் கணக்குப்படி நிற்கத்தான் வேண்டும்.

அசீசுன்னிசா அம்மா கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். பாய் கூப்பிட்டார். "எனக்கு மனசு வரல, நீங்க எடுத்துக்குங்க" என்றார். "வாங்கம்மா, நீங்க இல்லாம இன்னா போட்டோ" என்று தாஹிரா கூப்பிட்டாள். வரவில்லை. தலையை மட்டும் நீட்டி, கீழே நின்ற என்னைப் பார்த்தார்.

"தம்பி, நிக்கலாமா?"

ஏற்கெனவே நாலு பேர் நிற்கிறார்களே என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் அதற்கு அந்த அம்மா வந்திருக்க மாட்டார். அதனால், "நிக்கலாம்மா, வாங்க" என்றேன். இதில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். ஒத்துக்கொள்கிறேன்.

அவர் வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மகள் தோளில் கை வைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் நின்றார். நூற்று அறுபது ராத்தல் என்று வைத்திருந்தேன்.

பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். முதலில் வந்தது தேங்காய் உடைபடுகிற மாதிரி ஒரு சத்தம். சுவர் ஓரமாக, நான் கோடு பார்த்த அதே இடத்தில்.

அசீசுன்னிசா அம்மாவும் மேஸ்திரியும் அங்கேயே இறந்துவிட்டார்கள். மற்றவர்களைப் பற்றி உங்களுக்கே தெரியும். மேஸ்திரி இறந்ததில் எனக்கு வருத்தம்தான். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும். உடைந்த கான்கிரீட்டில் கம்பி அத்தனையும் அடிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டலாம், அவ்வளவு தெளிவு. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ஊர்க்கண்ணு பட்டுடுச்சு என்று துரைக்கண்ணு அழுதார்.

நான் படித்த நாவல்களில் இப்படி ஏதாவது செய்தவர்களுக்குச் சுரம் வரும். எனக்கு வரவில்லை. யாராவது வந்து, விரிசல், இது உனக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்பார்கள் என்று இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தேன். யாரும் வரவில்லை. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் பஷீர் பாயைப் பார்த்தேன். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனச வுட்டுடாத தம்பி. அல்லா எழுதினது, நீ இன்னா பண்ணுவே. அவளுக்கு உன்மேல அவ்ளோ நம்பிக்க. உன் கண்ணுக்கும் படல, அவ்ளோதான். உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்."

நல்ல மனிதர். சுற்றி நின்றவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள்.

இல்லாததைச் சொல்கிறவன் என்ற பெயரை இரண்டு வருஷம் பொறுத்துக்கொண்டேன் சார். கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கத் தெரியாதவன் என்ற பெயரோடு என்னால் இந்த ஊர்த் தெருவில் நடக்க முடியாது. அதனால்தான் காலையில் நானாகவே வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அந்தப் பால்கனி விழும் என்று எனக்குத் தெரியும். விழுவதற்காகத்தான் அவர்களை நுனியில் நிறுத்தினேன். ஐந்தாவது ஆளைக் கூப்பிட்டது நான்தான்.

ஏட்டையா எழுதியதை வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட எனக்குத் தடையில்லை. ஒரே ஒரு இடம்தான் இடிக்கிறது. பால்கனி எதிர்பாராத விதமாக இடிந்து விழுந்தது என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் அடித்துவிட்டு, ராஜாராம் முன்கூட்டியே எச்சரித்தபடி இடிந்து விழுந்தது என்று மாற்றித் தருவீர்களா சார்?