இரும்பு குறைவாகத்தான் உதைத்தது

இரும்புப் பிஸ்டலை இரண்டு நாள் துடைக்காமல் வைத்தால் இந்த லண்டன் ஈரத்துக்குத் துரு பிடித்துவிடும். பிளாஸ்டிக் உடம்புள்ளதற்கு அந்தத் தொல்லை கிடையாது. என் அலுமாரியில் இரண்டும் இருந்தன. இரண்டுக்கும் பொலிஸ் தந்த லைசென்ஸ் உண்டு, நீங்களே பார்த்தீர்கள், இன்ஸ்பெக்டர்.

வெம்பிளிக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் செய்யும் தொழிற்சாலையில் எனக்குப் பரிசோதகர் வேலை. ஒரு கைபிடியை ஆறாயிரம் தடவை தூக்கி இறக்கிப் பார்த்த பிறகுதான் நல்லது என்று சொல்வேன். வாயால் சொல்வதை நம்புகிற ஆள் நான் இல்லை. சுடும் கிளப்பிலும் அப்படித்தான், இரண்டு பிஸ்டலாலும் மும்மூவாயிரம் சன்னங்கள் சுட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் ஒரு வெடிப்பும் விழவில்லை. இரும்புக்கு ஒருமுறை சுருள்வில் மாற்ற வேண்டி வந்தது. உழைப்பில் பிளாஸ்டிக் ஒன்றும் குறைந்ததல்ல. ஆனால் அது பாரமில்லாதது, சுட்டதும் பின்னால் உதைத்து வாய் மேலே துள்ளும். இரும்பு ஒரு கிலோ இருக்கும். தன் பாரத்தாலேயே உதையை வாங்கிக்கொண்டு கைக்குள் அடங்கும். ஒரே ஒரு சன்னம், அதுவும் நினைத்த இடத்தில் படவேண்டும் என்றால் இரும்புதான்.

எனக்கு ஒரே ஒரு சன்னம்தான் தேவைப்பட்டது.

என் மனைவி இம்மாகுலேற்றின் தம்பி றெஜினோல்ட் தொண்ணூற்றொன்றில் வந்து எங்களோடு தங்கினான். ஊரில் இராணுவ முகாமில் வைத்து அவன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியிருக்கிறார்கள், பதினொரு நாள். தண்ணீர் தழும்பு விடாது. அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதத்தில், உடம்பில் அடையாளம் எதுவும் இல்லை என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. திருப்பி அனுப்பினால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போவார்கள். அவளுடைய மற்ற இரண்டு தம்பிமாரும் அப்படிப் பிடிபட்டுப் போனவர்கள்தான்.

"என்னவாவது செய்யுங்கோ. இவனும் போனா நான் இருக்கமாட்டன்," என்றாள் இம்மாகுலேற். மூன்று வாரமாக அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்கு அவளை நினைத்துப் பயம், அவனை நினைத்தும் பயம். வேலையில் கேத்தல்கள் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் அந்தக் கடிதம்தான் கண்ணில் தெரிந்தது.

அப்பீலுக்கு ஏழு மாதம் இருந்தது. கெண்டைக்காலில் சன்னம் பட்ட காயம் ஏழு மாதத்தில் ஆறி, ஊரில் பட்ட பழைய தழும்பு மாதிரி ஆகிவிடும். யோசித்துப் பாருங்கள், அதில் என்ன பிழை?

ஞாயிற்றுக்கிழமை காலை இம்மாகுலேற் பூசைக்குப் போனாள், அவனுக்காக நேர்த்தி வைக்க. றெஜியிடம் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன்.

"வேண்டாம் அத்தான். அனுப்பினா அனுப்பட்டும், நான் போறன்," என்றான்.

பயந்தவன் பேசுகிற பேச்சு அது. அதைக் கணக்கில் எடுக்க முடியுமா? கராஜில் நாற்காலியில் அவனை இருத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கெண்டைக்காலைக் குறி பார்த்தேன். கிளப்பில் நான் சுட்டதெல்லாம் கடதாசி. கடதாசி காலை இழுக்காது. சன்னம் தொடையின் உட்பக்கத்தில் பட்டது. உதை குறைவாகத்தான் இருந்தது, அதில் நான் சொன்னது சரி.

"அத்தான், அம்புலன்சுக்கு அடியுங்கோ. ஏலாமக் கிடக்கு," என்றான்.

அவனுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். ஆஸ்பத்திரியில் தேதி எழுதுவார்கள். எழுதினால் அது லண்டனில் பட்ட காயம் ஆகிவிடும், பட்டதெல்லாம் வீண். துவாயை மடித்துக் காயத்தில் அமுக்கிப் பிடித்தேன். இன்னொன்றும் எடுத்தேன். ஏழு மாதம்தான், பிறகு நீ இங்கேயே இருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அரை மணித்தியாலம் கழித்து அவன் பதில் சொல்வதை நிறுத்தினான். பூசை முடிந்து இம்மாகுலேற் வந்து கராஜ் கதவைத் திறக்கும்வரை நான் துவாயை விடவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கயிற்றைப் பற்றி மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். ஓம், அவனை நாற்காலியோடு கட்டியது நான்தான். கட்டாமல் விட்டிருந்தால் ஓடியிருப்பான், இன்ஸ்பெக்டர். ஓடிப்போயிருந்தால் அவனை யார் காப்பாற்றியிருப்பார்கள்?