குறுக்கே நின்றவன்

“இன்னா கண்ணகி, உன் வேலைக்கு எதுனா குறுக்க நிக்குதா?” என்று தீனதயாளன் சார் ஒருநாள் கேட்டார். மற்றவர்களிடம் தினமும் கேட்பார். என்னிடம் கேட்டது அந்த ஒரு முறைதான். எனக்குச் சட்டென்று பேச வராது.

“டீத்தூளுதான் சார் குறுக்க நிக்குது. கம்மியா கீது,” என்றான் அஜித். எல்லாரும் சிரித்தார்கள். அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பேச வராததால்தான் இதை எழுதித் தருகிறேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆபீஸ். மக்காச்சோள வியாபாரிகள் லாரி பிடிப்பதற்கு ஓர் ஆப் செய்துகொண்டிருந்தோம். பத்தாவதைப் பாதியில் விட்டவள் நான். டீ போடுவதும், எழுத்து உருண்டையாக இருப்பதால் சுவரில் ஒட்டும் சீட்டுகளை எழுதுவதும் என் வேலை. காலையில் எல்லாரும் நின்றபடியே பேசுவார்கள். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பார் சார். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்வாய், குறுக்கே என்ன நிற்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். குறுக்கே நிற்பதை நான் சிவப்புச் சீட்டில் எழுதி ஒட்டுவேன்.

ஆப்புக்கு அஜித் எழுதிக் கொடுக்கும் புரோகிராமைச் சோதித்துப் பார்ப்பவள் சந்தியா. அவன் தினமும் “முடிஞ்சிச்சி” என்பான். முடிந்திருக்காது. “உன் முடிஞ்சிச்சியக் கேட்டுக் கேட்டே எனக்கு முடி கொட்டிப்போச்சுடா,” என்பாள். பிறகு சாரிடம், “அஜித்துதான் சார் குறுக்க நிக்கறான்,” என்பாள். பதினோரு நாள் அதையே எழுதினேன். திங்கட்கிழமைக்குள் ஆப் வெளியே போகாவிட்டால் சந்தியாவுக்கு வேலை இல்லை என்று சார் சொல்லிவிட்டார். ஆபீஸில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

சார் சொல்வது நல்ல முறை. தடையைப் பார்த்தவரே அதை எடுத்துவிட வேண்டும், உத்தரவுக்குக் காத்திருக்கக் கூடாது. எதையும் பெரிதாகத் தொடங்கக் கூடாது. சிறிதாகச் செய்து, அதில் தெரிந்ததை வைத்து அடுத்ததைச் செய்ய வேண்டும்.

முதலில் அவன் பைக்கில் காற்றை இறக்கினேன். வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து முடிப்பான் என்று நினைத்தேன். பஸ் ஏறிப் போய்விட்டான். அடுத்த வாரம் இரும்புப் படியில் பின்னாலிருந்து தள்ளினேன். கால் இடறிவிட்டது என்று அவனே எல்லாரிடமும் சொன்னான். மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டோடு மறுநாளே வந்து ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தான். வேலை இன்னும் மெதுவானது. அளவு போதவில்லை என்று தெரிந்தது.

சனிக்கிழமை சார் எங்களை வெள்ளிமலைக்கு மேலே அழைத்துப் போனார். இரண்டு வாரத்தில் எது சரியாகப் போனது, எதை மாற்றுவது என்று பேசுவதற்கு. சாப்பிட்டதும் அஜித் சிக்னல் தேடிப் பாறை ஏறினான். நானும் பின்னால் போனேன்.

“முடிஞ்சிச்சி கண்ணகி. இப்பதான் சந்தியாவுக்கு அனுப்பினேன். திங்கக்கெழம அந்தச் செவப்பு சீட்ட கிழிச்சிடு,” என்றான்.

அவன் எப்போதும் சொல்வதுதானே.

கல்லை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. முதல் அடியில் உட்கார்ந்துவிட்டான். மாவுக்கட்டுக் கையைத் தலைக்கு மேல் வைத்தான். கட்டு நொறுங்கியது. “இன்னாத்துக்கு கண்ணகி,” என்று கேட்டான். நான்காவது அடிக்குப் பிறகு கேட்கவில்லை. இன்னும் மூன்று முறை போட்டேன். பாதியில் விட்ட வேலையால் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஆபீஸில் செய்தவரே முடிந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது. சந்தியா பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையைப் புல்லில் துடைத்துவிட்டு, ஒரு சீட்டில் அவன் பெயரை எழுதி வைத்துக் காத்திருந்தேன். அவளே போனை உயர்த்திப் பிடித்தபடி ஏறி வந்தாள்.

“டேய் அஜித்து, எல்லாம் ஓடுதுடா. என் வேல தப்பிச்சிச்சி. எங்கடா கீற?”

பிறகு பார்த்தாள்.

நான் சீட்டை நீட்டினேன். பேனாவை அவள் விரல்களுக்குள் வைத்தேன். நழுவி விழுந்தது. எடுத்துத் திரும்பவும் வைத்தேன். தப்பு ஏதாவது இருந்தால் சந்தியா அங்கேயே சொல்லிவிடுவாள், ஐயா, யாருக்கும் தயவு பார்க்க மாட்டாள். அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.