வேகாத மூட்டு

பெண்ணாடம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். பீங்கான் கம்பெனி வேலை முடிந்து, கையெல்லாம் வெள்ளை மண்ணோடு இருந்தார்கள். சின்னவள்தான் ஆரம்பித்தாள்.

"எலும்பு பொறுக்கறப்ப, எங்க வூட்டுக்காரருக்கு ஆபரேசன்ல வெச்ச இடுப்பு மூட்டு மட்டும் முழுசா கெடந்துதுக்கா."

"பீங்கான்தானே? சூளையில வெந்தது, சுடுகாட்டுலயா வேகும்?"

"கொழுந்தனாரு அத தூக்கி ஓரமா போட்டுட்டாரு. இது அண்ணன் ஒடம்பு இல்லன்னாரு. எலும்ப மட்டும் ஆத்துல கரைச்சாங்க."

"நீ என்னாடி பண்ண?"

"முந்தானையில முடிஞ்சி வூட்டுக்கு எடுத்தாந்துட்டேன்."

"அத வெச்சி என்னா பண்ணப் போற?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படுத்தே கெடந்த மனுசன், அத வெச்ச பெறவுதான் எழுந்தாரு. தெனமும் நான் பஸ்ஸு வுட்டு எறங்கறப்ப, ஸ்டாப்புல வந்து நிப்பாரு. அது அவரு இல்லன்னா, என்னெ கூப்புட நடந்து வந்தது யாருக்கா?"